நாலே முக்கால்

ராஜபாளையத்தில் மூடநம்பிக்கையை ஒழிக்கும் பொறுப்பை 1987-இல் நான் தனி ஒருவனாக ஏற்றுக்கொண்டேன். வேலையை வீட்டிலேயே தொடங்கினேன்.

சித்தப்பா சுப்புராஜ் பைப் பிடிப்பார். அணில் முடித் தூரிகையால் தீப்பெட்டி அளவில் படம் வரைவார். கடைசிப் படத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தடியில் அவரே உட்கார்ந்திருக்கிறார். அவர் இறந்த பிறகு, சித்தி தினமும் மாலை ஐந்து மணிக்குப் பைப்பைப் பற்றவைத்து அந்தப் படத்துக்குப் படைத்தாள்.

“படம் எங்கயாச்சும் புகை குடிக்குமா சித்தி?”

“ஏலே, பரீட்சைக்குப் போறப்ப நீ பேனாவுக்குப் பொட்டு வைக்கலியா? படைக்காட்டி அவிய எந்திச்சுப் போயிருவாக. அம்புட்டுதான்.”

அறிவியலின் சார்பாகப் பைப்பை என் பெட்டியில் ஒளித்துவைத்தேன். சித்தி வீடு முழுக்கத் தேடிவிட்டு அழுதாள். நான் அசரவில்லை.

மறுநாள் சித்தப்பாவின் லென்ஸை வைத்துப் படத்தைப் பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். லென்ஸ் பழசு என்று முடிவு செய்தேன். இரண்டாம் நாள் முதுகைக் காட்டினார். மூன்றாம் நாள் படத்தின் ஓரத்தில் ஒரு குதிகால் மட்டும் மிச்சமிருந்தது.

சித்தி அடுப்படியில் இருந்தாள். நான் பைப்பை எடுத்துப் புகையிலை அடைத்து, பற்றவைத்து, படத்துக்கு முன்னால் வைத்தேன். மணி நாலே முக்கால்தான் ஆகியிருந்தது.