மூவாரில் பார்க்க வேண்டிய இடங்கள்

கடைக்காரர் ரபேலிடம் எதுவும் கேட்கவில்லை. சீனி போடாத கோப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, பேட்ரிசியாவிடம் மட்டும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

உலு திராமிலிருந்து இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார்கள். மூவாருக்குத் தானும் இப்போதுதான் முதல் தடவையாகப் போவதாக வழியெல்லாம் ரபேல் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு, பழைய கடைத்தெரு, மழைமரங்கள் சூழ்ந்த பழைய கல்லூரி என்று பார்க்க நிறைய இருக்கிறதாம். இருபத்தேழு வருட மணவாழ்க்கையில் அவராகக் கூப்பிட்டு அவள் ஊர் பார்க்கக் கிளம்பியது இதுதான் முதல் தடவை.

"நீங்க சீனி போடாம குடிப்பீங்கன்னு இவருக்கு எப்படிங்க தெரியும்?"

இந்த வயதில் எல்லாரும் அப்படித்தானே குடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ரபேல் மீ பண்டோங் நூடுல்ஸ் தட்டின் மேல் குனிந்துகொண்டார்.

அடுத்து படகுத்துறை. டிக்கெட் விற்ற மலாய்க்கார அம்மா ரபேலைப் பார்த்ததும் சிரித்தார். கூட வரும் அந்தப் பொண்ணு இன்றைக்கு வரவில்லையா என்று மலாயில் கேட்டார். ரபேல் காதில் விழாதது போல டிக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

படகில் காற்று நன்றாக வீசியது. கரையில் இருந்த பள்ளிவாசலையும் தென்னை மரங்களையும் ரபேல் கைநீட்டிக் காட்டினார். பேட்ரிசியாவின் கண்ணில் எதுவுமே படவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாசிர் கூடாங் ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று அவர் கிளம்பிப் போவதை நினைத்துக்கொண்டாள். போகும்போது இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார். மூன்று வருடமாக வீட்டில் இரண்டே பேர். பேச்சு குறைந்துபோனது வயதானதால் என்றுதான் அவள் இதுவரை எண்ணியிருந்தாள்.

மணிக்கூண்டுக்கு எதிரே நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லி ரபேல் தன் கைப்பேசியை அவளிடம் கொடுத்தார். அவர் போய் நிற்பதற்குள் ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை, 'எம்' என்ற ஓர் எழுத்து மட்டும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. அதற்கு மேலே, நேற்று அனுப்பிய நீளமான செய்தி ஒன்று.

'காலையில மீ பண்டோங் வாங்கிக் கொடுங்க. படகுக்குப் பத்து மணிக்குள்ள போயிடுங்க, வெயில் ஏறுனா தலைவலி வந்துடும். கடைத்தெருவ மெதுவா நடந்து காட்டுங்க. மேல்மாடி மியூசியம் வேணாம், முட்டி வலியோட படி ஏற முடியாது. கடைசியா காலேஜ். நான் வாசல்ல நிப்பேன்.'

தலைவலி அவளுடையது. முட்டி வலியும் அவளுடையது. தன் மனைவியின் நோய் நொடிகளைக்கூட ஒருத்தியிடம் சொல்லிவைத்திருக்கிறார். அவள் போட்டுக் கொடுத்த திட்டப்படிதான் காலையிலிருந்து தன்னைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார். பேட்ரிசியா படம் எடுக்கவில்லை.

"யாருங்க அவ?"

ரபேல் திரையைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"வா. நீயே வந்து பாரு."

பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த முகத்தை ஒரு தடவை பார்க்காமல் போகக்கூடாது என்ற வீம்பும் வந்தது. கல்லூரி வரைக்கும் அவருக்குப் பின்னால் நடந்தாள்.

அன்று அங்கே பட்டமளிப்பு. கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகளும் பூங்கொத்து ஏந்திய பெற்றோரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் முப்பது, நாற்பது வயதில் தனியாக நிற்கும் பெண் யாரென்று பேட்ரிசியா தேடினாள். தூணோரம் நின்றிருந்த ஒரு பெண் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களை நோக்கி வந்தாள்.

ஷர்மைன். அவர்களுடைய ஒரே மகள். 'எம்' என்றால் மகள்.

மூன்று வருடத்துக்கு முன், பேசி முடித்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லி, படிக்கப் போகிறேன் என்றவள். அன்றே ரபேல் அவளுடைய பையைத் தூக்கி வெளியே வைத்தார். இனி இந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்கக்கூடாது என்றார். அவளுடைய பழைய கைப்பேசி எண் ஒரு வாரத்தில் செத்துப்போனது. நம்மை வேண்டாம் என்று மாற்றிவிட்டாள், தேடாதே என்று சொன்னதும் அவர்தான். பேட்ரிசியா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மகளுக்காக மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஆக, சனிக்கிழமைகள் இதற்குத்தான். மகளைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்து, எதுவும் தெரியாதவர் போல எதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். மூன்று வருடம் தன்னை அழவிட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கோபத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. அவரை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். பேட்ரிசியா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இன்னிக்கி மட்டும் எதுவும் பேசாத," என்றார் ரபேல், பின்னாலிருந்து, தணிந்த குரலில்.

ஷர்மைன் அந்தக் கைகளுக்குள் வரவில்லை. இரண்டடி தள்ளி, அந்நியர் முன்னால் நிற்பவள் போல நின்றாள். அப்பாவை ஒரு தடவை நன்றியோடு பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்பா மாசாமாசம் கெஞ்சியும் வராதவங்களுக்கு, இப்பதான் மனசு வந்துச்சாம்மா?"