ஏற்றத்தில் நிற்கும் வண்டி

"உள்ளதைச் சொல்லுங்கண்ணே. வண்டிய நம்பிப் போகலாமா, நடுவழியில நின்னுருமா?"

ஆலங்குடி முந்திரி வியாபாரி ஞானமணி கேட்டுக்கொண்டே ஜீப்பின் சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். உலக யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி அது. அன்னவாசலில் சோலையப்பன் குடும்பம் வாங்கிச் சில வருஷங்களாகின்றன.

"மாட்டு வண்டி பொதையிற சேத்துல கூடப் போகும். ஒங்க முந்திரிக்கொல்லை மணலெல்லாம் அதுக்கு எம்மாத்திரம்?" என்றார் சோலையப்பன். வீட்டுக்கு மூத்தவர். மாசம் தவறாமல் வழியில் நிற்கிற வண்டி நமக்கு எதற்கு என்றுதான் அவர் விற்கத் துணிந்தார். அதை வாங்க வந்தவரிடம் சொல்வாரா? வண்டியை ஓட்டுகிற தம்பி ரெங்கசாமி பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரெங்கசாமியின் மனைவி பிச்சையம்மாள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வண்டி போய்விட்டால், பெற்ற மகளைப் பார்க்கிற ஒரே வழியும் போய்விடும்.

மகள் அழகி, மனசுக்குப் பிடித்தவனைத் தானாகவே கட்டிக்கொண்டு கொடும்பாளூருக்குப் போனவள். "அந்த வீட்டு வாசலை மிதிக்கிறவங்க இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது" என்று சோலையப்பன் சொல்ல, ரெங்கசாமியும் அண்ணன் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டார். பெற்ற மனசு இப்படியும் கல்லாகுமா என்று அன்றைக்குப் பிச்சையம்மாள் அழுதது கொஞ்சமல்ல.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது இந்த ஜீப்தான். மாசக் கார்த்திகை தோறும் புருஷனும் பெண்டாட்டியும் விராலிமலை முருகனைக் கும்பிடப் போவார்கள். வழியில் கொடும்பாளூர் ஏற்றம் வந்ததும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிடும்.

"கொதிச்சுப்போச்சு. எங்கிட்டாச்சும் போயித் தண்ணி வாங்கியா" என்று தகர டின்னை நீட்டிவிட்டு, ரெங்கசாமி பானட்டுக்குள் தலையை விடுவார். அப்புறம் அந்த மனுஷனுக்கு உலகமே மறந்துபோகும். பிச்சையம்மாள் முந்தானையில் முடிந்த பலகாரத்தோடு மகள் வீட்டுக்கு ஓடுவாள், கொல்லைப்புறமாக. வாசலைத்தானே மிதிக்கக் கூடாது? மகளைப் பார்த்து, பேசி, அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு டின்னோடு திரும்புவாள். ஒரு டின் தண்ணீருக்கு இத்தனை நேரமா என்று அவர் கேட்டதில்லை. மகள் இருக்கிறாளா, செத்தாளா என்றும் கேட்டதில்லை.

இப்போது அழகிக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பக்கத்தில் போய்க் கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டாமா? பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் கொடும்பாளூரில் இறங்கினால், அவள் திரும்பி வருவதற்குள் சேதி அன்னவாசல் வந்து சேர்ந்துவிடும்.

"நிக்கும்ணே" என்றாள் பிச்சையம்மாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சோலையப்பன் முறைத்த முறைப்பில் பச்சை மரம் பற்றிக்கொள்ளும்.

"விராலிமலை போற வழியில, ஏத்தத்துல நிக்கும். ரேடியேட்டரு கொதிச்சுப்போகும். ஒரு தடவை கூடத் தப்புனதில்லண்ணே." ஊர்ப் பெயரை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

ஞானமணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "தங்கச்சி உள்ளதைச் சொல்லுது. அப்ப அந்த ஏத்தத்துக்கே போயிப் பாத்துருவோம். நின்னா எனக்கு வேணாம். நிக்கலைன்னா இப்பவே கெரயம்."

ரெங்கசாமி அவசரமாக நிமிர்ந்தார். "வாங்க, நானே ஓட்டிக் காட்டுறேன். அதோட கொணம் எனக்குத்தான் தெரியும்."

"நீங்க சும்மா பக்கத்துல ஒக்காந்து வழியச் சொல்லுங்க போதும். வாங்குறவன் நான். நாந்தான் ஓட்டிப் பாக்கணும்."

ரெங்கசாமி எதுவோ சொல்ல வந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

ஊரில் எல்லோரும் வண்டி ஓட வேண்டும் என்று சாமியைக் கும்பிடுவார்கள். பிச்சையம்மாள் அது நிற்க வேண்டும் என்று கும்பிட்டாள். உலை வைக்கவில்லை. விராலிமலை இருக்கும் திக்கைப் பார்த்து, "முருகா, இந்த ஒரு தடவை நிப்பாட்டிரு" என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. ஞானமணி சிரித்த முகமாக இறங்கினார்.

"ஏத்திப் பாத்தேன், எறக்கிப் பாத்தேன். ஒரு இருமல் கூட இல்ல. தங்கமான வண்டிய இப்புடிக் கொறை சொல்லிட்டியே தங்கச்சி."

அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? கிரயம் முடிந்தது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆலங்குடிப் பக்கம் போயே போய்விட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது நமக்காகச் சொன்னதுதானோ என்று பிச்சையம்மாள் நொந்துபோனாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வண்டி நின்ற வேப்பமரத்தடியில் ரெங்கசாமி தனியாகக் குந்தியிருந்தார். அவரைப் பார்த்ததும் அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"எத்தனையோ நாளு நின்ன வண்டி, இன்னைக்கு ஒரு நாளு நின்னு தொலைச்சிருக்கக் கூடாதா? ஒங்களுக்கென்ன, பெத்த புள்ள நெனப்பு இருந்தாத்தான வருத்தம் வரும். இனிமே நான் எப்புடிங்க அவளப் போயிப் பாப்பேன்?"

ரெங்கசாமி தலையை நிமிர்த்தவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அது எப்புடிப் பிச்சை நிக்கும்?" என்றார். "இன்னைக்கு ஓட்டுனது நான் இல்லையே."