சும்மா இருக்கும் தேர்வு

சாரம் கட்டும் தவசிக்கு அந்த நாட்டில் தொழிலாளி விசா. தங்குவதற்குத் தொழிலாளர் விடுதி. மனைவியைச் சேர்க்க மாட்டார்கள். அவன் மனைவி மேகலா அதே ஊரில்தான் நர்ஸ். அவளுடைய துணை என்று விசாவை மாற்றினால் ஒரே வீட்டில் குடியிருக்கலாம். ஆனால் துணையாக இருப்பவர் எந்த வேலையும் செய்யக் கூடாது. அதற்கு ஒரு தேர்வு உண்டு. மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, காலை முழுவதும் சும்மா உட்கார வைப்பார்கள். வேலை செய்தால் பட்டை சிவந்துவிடும்.

“யாரு என்ன செஞ்சாலும் பாக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு மேகலா ஓரமாக நின்றாள்.

தவசி கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். தேர்வு முடியப்போகும் நேரத்தில் இரண்டு பேர் இரும்பு பீரோ ஒன்றைத் தூக்கி வந்தார்கள். அது வாசல் நிலையில் இடித்தது. தவசி பல்லைக் கடித்தான். மறுபடியும் இடித்தது. தவசி கத்திவிட்டான்.

“டேய், குறுக்கச் சாய்ச்சுப் புடிங்கடா! பின்னால இருக்கறவன் தூக்கு!”

பீரோ சுலபமாக உள்ளே போனது. பட்டை சிவந்தது.

“நான் கையே வைக்கலையே, மேடம்!”

“அது மேற்பார்வை. அதுவும் வேலைதான்,” என்றாள் அதிகாரி. திரையைப் பார்த்துச் சிரித்தாள். “வாழ்த்துகள். உங்களுக்கு மேஸ்திரி விசா வந்திருக்கு.”

“அதுல பொண்டாட்டி கூட இருக்கலாமா?”

“முடியாது. உங்ககிட்ட வேலை பாக்கறவங்க மட்டும்தான் கூடத் தங்கலாம்.”

மேகலா தவசியை ஒரு முறை முறைத்தாள். பிறகு அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

“மேடம், நர்ஸ் விசாவச் சித்தாள் விசாவா மாத்தணும். எந்த வரிசையில நிக்கணும்?”