மருத மரத்து மடு

அந்த ஆற்றுக்கு முதலைதான் காவல். மீன்கள் குஞ்சு பொரிக்கும் மாதத்தில் யாரும் மீனில் வாய் வைக்கக் கூடாது என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட சட்டம்.

அந்த மாதத்தில்தான் ஒருநாள் மீன்கொத்தி மூச்சு வாங்கப் பறந்து வந்தது. "அண்ணே, அநியாயம்! நீர்க்காகங்க கூட்டமா வந்து மடுவை வளைச்சிருச்சு. பொடிக்குஞ்சைக்கூட விடாம விழுங்குதுங்க!"

முதலை உடனே எழுந்தது. "எந்த மடு?"

மீன்கொத்தி சுற்றுமுற்றும் பார்த்தது. மருத மரத்து வேருக்கடியில் இருக்கும் அந்த மடுவை அது பெற்ற பிள்ளைகளுக்குக்கூடக் காட்டியதில்லை. பக்கத்திலோ கொக்கும் நாரையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன.

"அந்தப் பக்கந்தான், அண்ணே," என்று அலகை வானத்துக்கும் கரைக்கும் நடுவில் எங்கேயோ நீட்டியது.

முதலை தேடிவிட்டு ஒன்றும் காணாமல் திரும்பியது. "தம்பி, மரமோ பாறையோ, ஏதாவது அடையாளம் சொல்லு."

"தண்ணி கொஞ்சம் ஆழமா இருக்கும்."

"ஆறே ஆழந்தானப்பா!" என்று அலுத்துக்கொண்டு முதலை மறுபடியும் நீந்திப் போனது.

பொழுது சாயும் நேரத்தில், மனசு கேட்காமல் மீன்கொத்தியே மருத மரத்துக்குப் பறந்தது. நீர்க்காகங்கள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டுக் கரையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. மடுவில் உதிர்ந்த இலைகள் மட்டும் மிதந்தன.

இப்போதெல்லாம் மீன்கொத்தி யாரைப் பார்த்தாலும் கேட்காமலே வழி சொல்கிறது.

"நேரா போனா ரெண்டாவது வளைவு. பெரிய மருத மரம், அதோட வேருக்கடியில. அருமையான மடு, போய்ப் பாருங்களேன்!"