ஒரே கையெழுத்து

மடிக்கணினியில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அதே சிவப்பு முக்கோணம்தான் வந்தது. உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல.

காலையில் தான் ஒரு வைரஸ் சோதனை ஓட்டியதாகவும், வேண்டாத சாமான் ஒன்று இருப்பதாக அது சொன்னதாகவும், நீக்கு என்பதை அழுத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றும் அப்பா மூன்றாம் முறையாக விளக்கினார்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று மகள் முணுமுணுத்தாள்.

மடிக்கணினி அவளுடையது. கணவர் வாங்கிக் கொடுத்தது. மாலையில் அவர் அவளை அழைத்துப்போக வருகிறார். மாமனார் கை வைத்துக் கெடுத்தார் என்ற பேச்சு வருவதற்குள் சரியாகிவிட வேண்டும் என்பது அப்பாவின் கவலை. அதற்காகத்தான் கணினி பழுது பார்க்கும் பெண்ணை வீட்டுக்கே வரவழைத்திருந்தார்.

மகளின் கவலை வேறு. கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவரிடம் போனில் கேட்டாகிவிட்டது. நேரில் பேசிக்கொள்ளலாம் என்றாராம். மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி என்றார் அப்பா. பக்குவமாக எடுத்துச் சொன்னால் கேட்பார் என்றும் சொன்னார்.

பழுது பார்ப்பவள் முதலில் கணினியின் தேதியைப் பார்த்தாள். தேதி தவறாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை வரும். தேதி சரியாக இருந்தது. அதே தளம் அவளுடைய கைபேசியில் சிக்கலின்றித் திறந்தது.

பிறகு தளம் உண்மையானதுதான் என்று கணினிக்குக் காட்டும் சான்றிதழைத் திறந்து, அதை வழங்கியது யார் என்று பார்த்தாள். வங்கிக்கு ஒரு பெயர் இருந்தது. செய்தித்தாளுக்கும் அதே பெயர். ரயில் முன்பதிவுக்கும் அதே. ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளின் மதிப்பெண் சான்றிதழிலும் ஒரே தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டதுபோல.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனபோது ஓர் உளவுச் செயலி கிடைத்தது. இந்தக் கணினியில் பார்ப்பதை, எழுதுவதை எல்லாம் உடனுக்குடன் ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முகவரியின் முற்பாதி, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தின் கீழே அச்சிட்டிருந்த மாப்பிள்ளையின் பெயர்.

அப்பா காலையில் நீக்கியது அந்தச் செயலியின் சான்றிதழை மட்டும். செயலி அப்படியே இருந்தது. முகமூடியைத்தான் அவர் கழற்றியிருந்தார்.

பழுது பார்ப்பவள் அவரைப் பார்த்து, முன்னறையிலுள்ள மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது, நிறம் மாறுகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கவனிக்க முடியுமா என்று கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார். பச்சை என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். கண்ணை எடுக்காதீர்கள் என்றாள்.

பிறகு தாழ்ந்த குரலில் மகளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

மகள் திடுக்கிடவில்லை. தெரியும் என்றாள்.

இரண்டு வழி இருக்கிறது, செயலியை வேரோடு பிடுங்கலாம், அல்லது நீக்கிய சான்றிதழைத் திரும்ப வைக்கலாம். இரண்டிலும் எச்சரிக்கை போய்விடும் என்றாள் பழுது பார்ப்பவள். பிடுங்கத் தயாராக அவள் விரல் நீக்கு என்பதன் மேலேயே இருந்தது.

திரும்ப வைத்துவிடச் சொன்னாள் மகள்.

பயப்பட வேண்டாம், தெரிந்த வக்கீல் அம்மா ஒருவர் இருக்கிறார், எண் தருகிறேன் என்றாள் பழுது பார்ப்பவள்.

"பயமில்லக்கா. நான் வாயால சொன்னா அவர் காதுல ஏறாது. இதுல தேடினா ஒரு எழுத்து விடாம படிப்பார்."

பல் வலிக்கிறது என்று அவள் வாரக்கணக்கில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒருநாள், சொத்தைப் பல்லை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று தேடினாள். அன்று சாயங்காலமே கணவர் தனக்குத் தானாகத் தோன்றியதுபோல டாக்டரிடம் கூட்டிப்போனார். அதிலிருந்து இப்படித்தான். வீட்டில் சண்டையே இல்லை என்று இரண்டு பக்கத்து உறவினர்களும் சொல்கிறார்களாம்.

சான்றிதழைத் திரும்ப வைக்கும்போது கணினி, இதை நம்புகிறீர்களா என்று கேட்டது.

பழுது பார்ப்பவள் அதை அழுத்தவில்லை. மடிக்கணினியை மகள் பக்கம் திருப்பினாள். மகள் ஆம் என்பதை அழுத்தினாள்.

சிவப்பு முக்கோணம் போய்விட்டது. ஏதாவது தேடிப் பாருங்கள் என்றாள் பழுது பார்ப்பவள்.

மகள் சற்று யோசித்தாள். வேலை பற்றித்தான் தேடுவாள் என்று மற்றவள் நினைத்தாள். ஆனால் அவள் நிறுத்தி நிதானமாக எழுதியது வேறு: தனியாக வசிக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு.

திரை நிறைய வீடுகள் வந்தன. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, கூலியை எடுத்துவர எழுந்தாள்.

பழுது பார்ப்பவள் வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் அப்பாவின் கைபேசி அடித்தது. மாப்பிள்ளை. அப்பா நின்றபடியே பேசினார், பேசப் பேச முகம் மலர்ந்தது. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னார்.

"அந்த லேப் வேலைல எப்ப சேரணும்னு மாப்பிள்ளை கேக்கறார். நான்தான் சொன்னேனே, பக்குவமா எடுத்துச் சொன்னா கேக்கற மனுஷன்னு."

பழுது பார்ப்பவள் திரும்பிப் பார்த்தாள். மகள் மடிக்கணினியை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு, முதல் வீட்டின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடி. ஒரு சின்னச் சமையலறை. வெயில் விழும் ஜன்னல்.

அப்பா இன்னொரு முறை கேட்டார். அவள் அடுத்த படத்துக்குப் போனாள்.