மூன்றாம் ஓலை

மூன்றாவது ஞாயிறாகக் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சபையில் வாசித்து முடித்த போதகர், இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார்.

பாறசாலைச் சபையில் அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. இருமக்கூட மாட்டார்கள்.

கல்யாணப் பெண் ஜெபகுமாரி எழுந்து நின்றாள்.

ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் கல்யாணப் பெண் ஆலயத்துக்கு வராமல் வீட்டிலேயே இருக்க வேண்டும். எல்லாரும் புறப்பட்ட பிறகு மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் வழியாக ஓடிவந்து, பெண்களின் பாயில் கடைசியாக உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை பொன்னுதாஸ், தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டத்தில் குண்டடிபட்டுச் செத்த எலியாவின் அண்ணன். வீடு களியக்காவிளைக்கு அப்பால். தியாகி வீட்டுச் சம்பந்தம் என்று அவள் அப்பா நேசையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாட்டேன் என்றால் தமிழுக்கே துரோகம் என்றார்கள் ஊரார். பொன்னுதாஸின் முதல் மனைவி கிணற்றில் பிணமாகக் கிடந்ததைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஜெபகுமாரி அழுது பார்த்தாள். பட்டினி கிடந்தாள். போதகரின் காலைப் பிடித்தாள். அப்பன் சொல்லைத் தட்டாதே என்று அவர் ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

"தடை உண்டு அய்யா. மரிச்சுப்போன எலியாவாக்கும் எனக்குத் தாலி கெட்டினவரு. ஆரும் அறியாம."

போதகரின் கை தாழ்ந்தது. தம்பி கட்டியவளை அண்ணன் கட்டச் சபை ஒருநாளும் சம்மதிக்காது. இனி வேறு எவனும் அவளைக் கேட்டு வரவும் மாட்டான்.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போனால் உதை நிச்சயம். நாளை முதல் ஊரில் ஒருவரும் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள்.

பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்துபோனார்கள். பாய் முழுக்க அவளுக்கே என்றானது. உட்கார்ந்தாள். வயசுப்பெண் ஆலயத்தில் காலை நீட்டக் கூடாது. நீட்டிக்கொண்டாள்.

அடுத்த பாயில் நகராமல் இருந்த ஒருத்தி மட்டும் மெல்லக் கேட்டாள். "எப்பிடிப்பட்டவரு மக்கா, அந்த எலியா?"

ஜெபகுமாரி யோசித்தாள். அவனை அவள் பார்த்தது சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த இரங்கல் நோட்டீஸில் மட்டும்தான். அதிலும் மழை பட்டுப் பாதி முகம் அழிந்துபோயிருந்தது.

"நல்ல மனுஷனாக்கும்," என்றாள்.