கடத்தல் சாமான்

"இதுக்குப் பில்லு எங்கே?"

கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து இப்படிக் கேட்டவன் வீடு புகுந்த அதிகாரி இல்லை. கல்பகம் பெற்ற ஒரே பிள்ளை சந்திரமோகன். கஸ்டம்ஸ் பரீட்சையில் தேறிவிட்டான். வேலை உத்தரவு இன்னும் வந்தபாடில்லை. அதற்குள் சொந்த வீட்டிலேயே சோதனை போட ஆரம்பித்துவிட்டான்.

அவன் கையில் இருந்தது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். பஹ்ரைனில் வேலை பார்க்கும் கல்பகத்தின் தம்பி சிவஞானம், லீவில் வந்தபோது அக்காவுக்கென்று கொண்டுவந்தது. கடிதம் எழுதச் சோம்பேறியான அந்தத் தம்பி, கேசட்டில் பேசி அனுப்புவான். "அக்கா, சாப்பிட்டியா?" என்றுதான் ஒவ்வொரு கேசட்டும் தொடங்கும்.

அதற்காகவே கல்பகம் ஆயுத பூஜையன்று அந்தப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைப்பாள். வைத்த குங்குமம் ஸ்பீக்கர் வலையில் ஏறி, எத்தனை துடைத்தும் போகாமல் ஓரத்தில் சிவந்து கிடந்தது.

"உங்க மாமா பம்பாய்ல டூட்டி கட்டித்தாண்டா எடுத்துட்டு வந்தான்," என்றாள்.

"கட்டினதுக்கு ரசீது?"

ரசீதுக்கு அவள் எங்கே போவாள்? அதைச் சிவஞானம் அப்போதே எங்கேயோ தொலைத்துவிட்டான்.

போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு எந்த நேரமும் ஆள் வருவானாம். கஸ்டம்ஸில் சேரப் போகிறவன் வீட்டில் பில் இல்லாத ஃபாரின் சாமானைப் பார்த்தால் வேலை அம்பேலாம். அதனால் எல்லாவற்றையும் கஸ்டம்ஸ் ஆபீசில் ஒப்படைத்துவிடப் போவதாகச் சொன்னான்.

குஷாய்குடா தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா ராமசுவாமி, மச்சினன் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். கல்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

பையனின் வேலை விஷயமாயிற்றே என்று முணுமுணுத்துவிட்டு அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

"அப்ப இதையும் எடுத்துட்டுப் போடா," என்று சுவரில் தொங்கிய ஜப்பான் கடிகாரத்தைக் காட்டினாள். அதுவும் சிவஞானம் கொடுத்ததுதான். நின்றுபோய் நாளாயிற்று.

சந்திரமோகன் அதை நிமிர்ந்து பார்த்தான். "அதுதான் ஓடலையேம்மா. நக்கோ, வேணாம், இருக்கட்டும்," என்றான்.

இருந்த கோபத்தில் அது கல்பகத்தின் காதில் ஏறவில்லை. "வேலைக்கே சேரல, அதுக்குள்ள பெத்தவளத் திருடியாக்கிட்ட. ரொம்ப நல்லா இருப்படா!"

அவன் பரணிலிருந்து டூ-இன்-ஒன்னின் அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து, துடைத்து, பத்திரமாக உள்ளே வைத்துக் கட்டி, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு நின்றது. சோறு போடுவாள், தட்டை நங்கென்று வைப்பாள், அதோடு சரி. நடுவில் சிவஞானத்திடமிருந்து புதுக் கேசட் ஒன்று வந்தது. பக்கத்து வீட்டில் போட்டுக் கேட்கலாம்தான். ஆனால் தம்பி சிரித்தாலும் அழுதாலும் அதை அடுத்தவர்கள் ஏன் கேட்க வேண்டும்? பீரோவில் வைத்துப் பூட்டினாள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள்.

பரீட்சை முடிவு வந்ததும் தேடிவந்த சம்பந்தம் ஒன்று இதற்குள் பேசி முடிவாகியிருந்தது. பெண் பெயர் வேதா. ஞாயிற்றுக்கிழமை குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் பெண் வீட்டுக்குத் தாம்பூலம் மாற்றப் போனார்கள். கல்பகம் அந்தக் கோபத்தோடேயே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

கூடத்தில் நாதஸ்வர கேசட் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா சின்னசாமி மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஹவ், ஆமா, நல்ல நேரம் வந்தாச்சு. தட்டை மாத்திடலாம்," என்றார். ராமசுவாமி அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபடி தன் வெறும் மணிக்கட்டைத் தடவினார்.

கல்பகம் அதைப் பார்க்கவில்லை. நாதஸ்வரம் வந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, ஸ்பீக்கர் வலையின் ஓரத்தில், சிவப்பாகக் கறை படிந்திருந்தது.

அவள் பார்வை போன இடத்தைக் கண்டு பெண்ணின் அம்மா அலமு பூரித்துப்போனாள். "மாப்பிள்ளைதான் கொண்டாந்து குடுத்தார், சம்பந்தி. கஸ்டம்ஸ்ல பிடிச்ச சாமானாம். ஏலத்துல இவருக்குன்னு முதல்ல எடுத்துக் குடுத்தாங்களாம். வேலைல சேரறதுக்கு முன்னாடியே என்ன மரியாதை பாருங்க!"

சந்திரமோகன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கல்பகம் கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போய் நாதஸ்வரத்தை நிறுத்தினாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பல நாள் கழித்து மகனோடு பேசினாள்.

"இதுக்குப் பில்லு எங்கடா?"